செங்கம் வழிப் பலகை

ஓசூர்
14.6.2025

தென்றலுக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் ரேவதியும் இங்கே சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? கழுத்து வலி எப்படி இருக்கிறது?

போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் சண்டை வருகிறது, இனி எதுவானாலும் எழுதிப் போடு என்று சொன்னாய். எழுதுகிறேன். பத்து வருஷமாகத் தபால் ஆபீஸில் உட்கார்ந்திருப்பவள் வேறென்ன சொல்வாய்?

பக்கத்து வீட்டுப் பலராமன் மாமா போன் செய்தார். பௌர்ணமியன்று நம் முற்றத்தில் நாற்பது பேர் படுத்திருந்தார்களாம். காலையில் மேல்தொட்டி காலியாம். மாடியில் ஏறிப் படம் எடுத்தவர்கள் தண்ணீர்ப் பைப்பை மிதித்து ஆட்டிவிட்டார்களாம். கிரிவலம் வருகிறவர்கள் வெறுங்காலோடு நடக்கட்டும். அதற்காகச் செருப்பை நம் மாடிப்படியில்தான் கழற்றிவிட வேண்டுமா? நாலு வீட்டுக்குப் பொதுவான முற்றம் என்றால் ஊருக்கே பொது என்று அர்த்தமா? போன தீபத்தன்று அந்தச் செருப்புக் குவியலில் இடறித்தான் அம்மா படியில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து, இரண்டே மாதத்தில் போய்விட்டார்.

அம்மாவின் காரியத்தன்று நாம் பேசியது உனக்கு நினைவிருக்கும். வருகிற தீபத்துக்குள் இந்தத் தொல்லைக்கு நீ முடிவு கட்ட வேண்டும். முடியாவிட்டால் வீட்டை விற்கக் கையெழுத்துப் போட வேண்டும். நீயே ஒப்புக்கொண்டது. கண்டவர்கள் வந்துபோகிற இடத்தில் நீ தனியாக இருப்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

பெரிய கேட்டாகப் போடு. நாய் வளர்த்தால் நல்லது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மாறன்


அடி அண்ணாமலை
21.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தென்றலின் வணக்கம். உன் கடிதம் வரும்வரை கழுத்து வலி இல்லை. படித்த பிறகு லேசாக இருக்கிறது. அண்ணியைக் கேட்டதாகச் சொல். உன் இடது காலுக்குத் தைலம் தேய்க்கிறாயா?

நாற்பது பேர் அல்ல, இருபத்தாறு பேர். மாமா எதையும் ஜாஸ்தியாகத்தான் சொல்வார். மற்றதெல்லாம் உண்மை. நீ அனுப்பிய தகரப் பலகையை மே மாதமே வாசலில் மாட்டினேன். ‘அத்துமீறி நுழைவோர் தண்டிக்கப்படுவர்.’ அந்த ஆணியிலேயே ஒருவர் ஈர வேட்டியைக் காயப்போட்டிருந்தார். ‘தண்டிக்கப்படுவர்’ மட்டும் வெளியே தெரிந்தது.

மாமா உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். மாடியில் ஒருவன் ஏறி நின்றான். மாமா தடியோடு போய், “ஏய், யாருய்யா நீ?” என்றார். “இன்னா பெருசு, இது உங்க அப்பன் வூட்டு சொத்தா?” என்றான் அவன். “ஆமாய்யா, எங்க அப்பன் வூட்டு சொத்துதான், பத்திரம் காட்டட்டுமா?” என்று மாமா குதித்தார். கைகலப்பாகியிருக்கும். மூன்றாவது வீட்டு ஆராயி அக்கா, டீ ஆற்றிக்கொண்டிருந்த டம்ளரோடு அப்படியே வந்தார்.

“எந்த ஊருப்பா?”

“கள்ளக்குறிச்சி.”

“பேரு இன்னா?”

“வளவன்.”

“வளவா, நீ மிதிச்சிட்டு நிக்கிற பைப்பு பிஞ்சிச்சினா நாலு வூட்டுக்கும் நாளைக்கு தண்ணி இல்ல. எறங்கி வா கண்ணு.”

அவன் இறங்கி வந்ததோடு நிற்கவில்லை. ஆடிக்கொண்டிருந்த பைப்பைத் தன் துண்டாலேயே இறுக்கிக் கட்டிவிட்டுப் போனான். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இந்த அம்மா பள்ளிக்கூடம் போனதே இல்லையாம்.

ஒப்பந்தம் எனக்கு மறக்கவில்லை. நான் பிறந்த வீடு இது. இதை விட்டால் எனக்கு வேறு வீடு இல்லை. அம்மா விழுந்ததைப் பற்றி மட்டும் கடிதத்தில் பேச வேண்டாமே.

அன்புடன்,
தென்றல்


அடி அண்ணாமலை
13.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமா? பதில் வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும்.

நீ சொன்னபடி இந்தப் பௌர்ணமிக்குக் கேட்டைப் பூட்டினோம். அதில் நடந்த கூத்தைக் கேள். சாயந்திரம் ஆறு மணிக்குப் பூட்டுவது என்று முடிவு. மாமா கடமை தவறாமல் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கீழ்பென்னாத்தூரில் இருக்கும் மகள் வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டார். ஆனால் மத்தியானமே நம் படியில் இருநூறு ஜோடிச் செருப்புக்கு மேல் சேர்ந்துவிட்டது. அதை யாரும் யோசிக்கவில்லை.

விடிந்து பார்த்தால் கேட்டுக்கு வெளியே பெருங்கூட்டம், எல்லாரும் வெறுங்காலோடு. வேன்காரர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். “பூட்டி வச்சிட்டு செருப்ப திருடுறாங்கப்பா” என்று ஒருவர் கத்துகிறார். நம் வீட்டுக்குள்ளேயே நாம் திருடராகிவிட்டோம்! நானும் ஆராயி அக்காவும் ஸ்டூல் போட்டு மதில்மேலாக ஒவ்வொரு ஜோடியாக எடுத்துக் கொடுத்தோம். “எப்படி இருக்கும்?” என்று கேட்டால் எல்லாரும் “கறுப்பு” என்கிறார்கள். இருநூறும் கறுப்புதான். கடைசியில் வாய்தவறிப் போஸ்ட் ஆபீஸ் புத்தியில் கேட்டேன்: “எந்த ஊருக்குப் போகணும்?” ஒரே வேனில் வந்தவர்கள் ஒரே இடத்தில்தான் கழற்றியிருந்தார்கள். பண்ருட்டி என்றதும் பதினெட்டு ஜோடியும் ஒரு மூலையிலேயே கிடைத்தன. அங்கேதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. அடுத்த மாதம் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

இன்னொன்று. போன புதன்கிழமை இரண்டு பேர் உள்ளே வந்து முற்றத்தை டேப் வைத்து மதிலிலிருந்து மதில்வரை அளந்தார்கள். பக்தர்கள் இல்லை, ஷூ போட்டிருந்தார்கள். ஆராயி அக்கா வழக்கம்போல எந்த ஊர் என்று கேட்டார். அவர்களும் சொன்னார்கள். அதை உனக்கு எழுத வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

அண்ணிக்கு என் அன்பு.

தென்றல்


ஓசூர்
29.7.2025

தென்றலுக்கு,

இங்கே நலம். கால் வலி இருந்துகொண்டே இருக்கிறது. ஷிஃப்ட் மாற்றிவிட்டார்கள்.

பூட்டிய கதையை ரேவதியிடம் படித்துக் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மதில்மேல் ஸ்டூல் போட்டு நின்ற உன்னை நினைத்ததும் எனக்கும் வந்துவிட்டது.

போலீசில் எழுதிக் கொடு. யோசனை கீசனை எல்லாம் வேண்டாம். மற்ற விஷயங்கள் பிறகு.

மாறன்


அடி அண்ணாமலை
12.8.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

கால் வலிக்கு நொச்சி இலை போட்டு ஒத்தடம் கொடுக்கச் சொல் அண்ணியிடம். நான் நன்றாக இருக்கிறேன். நன்றாக என்றால், கர்வமாக.

முற்றத்தில் ஐந்து பலகை போட்டோம். நான் தபால் பிரிக்கிறேனே, அதே மாதிரிதான். வேலூர் வழி, விழுப்புரம் வழி, திருக்கோவிலூர் வழி, சென்னை வழி, செங்கம் வழி. கடைசிப் பலகையில்தான் கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூர் எல்லாம் வரும். உள்ளே வருகிறவர் முதலில் பெயரையும் ஊரையும் சொல்ல வேண்டும். அதை நோட்டில் எழுதிக்கொண்டு, பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டிச் செய்த டோக்கன் ஒன்று தருவோம். செருப்பு அந்தந்த வழிப் பலகைக்குப் போய்விடும். மாடிப்படிக்குக் குறுக்கே ஒரு கயிறு, அவ்வளவுதான். கேட் திறந்தே இருக்கிறது.

பெயர் எதற்கு, டோக்கன் போதாதா என்று மாமா கேட்டார். ஆராயி அக்கா சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: “பேரச் சொல்லாதவன்தான் செவுத்துல ஒண்ணுக்குப் போவான். பேரச் சொல்லிட்டு உள்ள வந்தவன் ஒரு தப்பு பண்ண மாட்டான் பாரு.”

பார்த்தேன். முந்நூற்று நாற்பது பேர் வந்தார்கள். சுவர் காய்ந்தே இருந்தது. யாரும் கயிற்றைத் தாண்டவில்லை. குழாயை ஒரு பையன் திறந்துவிட்டுப் போக, முன்பின் தெரியாத ஓர் ஆம்பூர்க்காரர் ஓடிப் போய் மூடினார். தடியோடு திரிந்த பலராமன் மாமா இப்போது வேலூர் வழிப் பலகைக்குப் பொறுப்பு. பக்கத்துப் பலகையைவிடத் தன் பலகை சுத்தமாக இருக்கிறது என்று எல்லாரிடமும் காட்டுகிறார். சென்னையிலிருந்து வந்த நாலாவது வீட்டு வேணு, “எப்படிங்க இது?” என்று கேட்டுக்கொண்டே நின்றார். ஆராயி அக்காவைக் கைகாட்டினேன். அந்த அம்மாவுக்கு நான் வெறும் பலகை போட்டுக் கொடுத்தவள்.

நீ பார்த்திருக்க வேண்டும்.

தென்றல்


அடி அண்ணாமலை
10.9.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமறிய ஆவல். ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

இந்தப் பௌர்ணமியும் நன்றாகவே போயிற்று. டேப் வைத்து அளந்தவர்கள் திங்கட்கிழமை திரும்ப வந்தார்கள். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். இங்கே வருகிறவர் எல்லாரும் பெயர் எழுத வேண்டும் என்று நோட்டை நீட்டினேன். எழுதினார்கள். யார் அனுப்பியது என்று பக்கத்தில் ஒரு கட்டம் போட்டிருந்தேன். அதையும் நிரப்பினார்கள்.

நோட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். மாமாவுக்கோ ஆராயி அக்காவுக்கோ காட்டவில்லை.

கால் எப்படி இருக்கிறது?

தென்றல்


ஓசூர்
3.10.2025

தென்றலுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு முகமில்லை. ஆனாலும் நலமா?

இந்தக் கடிதத்தை நாலு முறை எழுதிக் கிழித்தேன். அவர்களை அனுப்பியது நான்தான். தீபம் முடிந்ததும் உடனே விற்றுவிட வேண்டும் என்று பேசி வைத்திருந்தேன். நீ தோற்றுவிடுவாய் என்று நம்பினேன். முற்றத்தில் ஊரார் நுழைகிறார்கள் என்று கத்தியவன், உனக்குத் தெரியாமல் ஆள் விட்டு அளக்கவைத்தேன். அவர்களுக்கும் நீ தண்ணீர் கொடுத்திருக்கிறாய்.

பணத்துக்காக இல்லை, நம்பு. அந்தப் படி என் கண்ணில் படக் கூடாது. அந்த வீடே இல்லாமல் போனால் தேவலை என்று தோன்றியது. அதற்கு மேல் எழுத வரவில்லை.

மாறன்


அடி அண்ணாமலை
12.10.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். உன் கடிதத்தை ஆபீஸில் வைத்துப் படித்தேன். பென்ஷன் வாங்க வந்த பாட்டனார் ஒருவர், “கண்ணுல தூசியாம்மா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

கோபம் இருந்தது. செப்டம்பரில் இருந்ததைவிட இப்போது கம்மி. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், தீபம்வரை என் தவணை இருக்கிறது.

ஒன்று சொல்கிறேன். அந்தப் படியில் இப்போது ஒரு செருப்புகூட இல்லை. தினமும் காலையில் நானே பெருக்குகிறேன். தீபத்தன்று கயிற்றை அவிழ்க்கப் போகிறோம். நடக்க முடியாமல், கூட்டத்தில் நிற்க முடியாமல் தீபம் பார்க்க ஏங்குகிற வயசானவர்களை நாமே கைபிடித்து மாடிக்கு ஏற்றுவது என்று ஆராயி அக்கா சொல்கிறார். நாமே கூப்பிட்டு ஏற்றினால் அது அத்துமீறல் இல்லையே.

நீயும் அண்ணியும் வாருங்கள். வந்து பார்த்துவிட்டு விற்பதா வேண்டாமா என்று சொல்.

தென்றல்


ஓசூர்
20.11.2025

தென்றலுக்கு,

இருவரும் நலம். உன் கடிதத்துக்கு இத்தனை நாள் கழித்து எழுதுகிறேன், மன்னித்துக்கொள்.

தீபத்துக்கு லீவு கிடைக்காது போலிருக்கிறது. எங்களை எதிர்பார்க்காதே. நீ செய்வதை எல்லாம் ரேவதி தன் ஆபீஸில் கதையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். “உங்க நாத்தனார் மாதிரி எங்க காலனிக்கு ஒருத்தர் வேணும்” என்கிறார்களாம். எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. அதை முன்பே எழுதியிருக்க வேண்டும்.

வயசானவர்களை ஏற்றும்போது ஒவ்வொருவராக ஏற்று. ஏழாவது படி கொஞ்சம் உயரம்.

மாறன்


அடி அண்ணாமலை
6.12.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமா? குறிப்பாக, உள்ளங்கால்கள் நலமா?

தீபத்தன்று அறுநூற்றுப் பன்னிரண்டு ஜோடி. ஆராயி அக்காவின் சொந்தக்காரர்கள், வேணு, போஸ்ட்மேன் அறிவுச்செல்வன் என்று பத்துப் பேர் வேலை செய்தோம். வயசானவர்கள் முப்பத்தொரு பேரை மாடிக்கு ஏற்றினோம். கைபிடித்து ஒவ்வொருவராகத்தான் ஏற்றினேன், ஏழாவது படியில் நின்று மூச்சு வாங்கவிட்டு. மலையுச்சியில் தீபம் தெரிந்ததும் மாடியில் எழுந்த “அரோகரா” என் காதில் இன்னும் இருக்கிறது. ஒரு கிழவி என் கன்னத்தைத் தடவி, “உன்னப் பெத்தவ எங்கம்மா?” என்றார். அழுதுவிட்டேன்.

மறுநாள் கணக்குப் பார்த்ததில் அறுநூற்றுப் பதினொன்று போய்விட்டது. செங்கம் வழிப் பலகையில் ஒரே ஒரு ஜோடி பாக்கி. பிரவுன் தோல் செருப்பு. இடது குதிகாலின் வெளி ஓரம் மட்டும் நன்றாகத் தேய்ந்திருக்கிறது. எட்டாவது படிக்கும்போது மாடியிலிருந்து குதித்துக் காலை உடைத்துக்கொண்டு, அன்றிலிருந்து அப்படிச் சாய்த்து நடக்கிற ஒரே ஒருவரைத்தான் எனக்குத் தெரியும்.

அந்தப் பலகையில் உட்கார்ந்திருந்தவள் கீதாஞ்சலி, ஆராயி அக்காவின் புது மருமகள். நம் வீட்டு ஆட்களை அவள் பார்த்ததில்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் அந்தப் பலகைக்குப் போனாயோ, தானாக அமைந்ததோ. நோட்டைப் புரட்டினேன். டோக்கன் எண் 388. ஊர், ஓசூர். பெயர், அப்பாதுரை.

அப்பா போய்ப் பதினெட்டு வருஷமாகிறது. அவர் ஓசூர் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. அவர் பெயரில் வந்து செருப்பை விட்டுப் போனவர் யார் என்று மாமா துப்பறிந்துகொண்டிருக்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை.

செருப்பைத் துடைத்து வைத்திருக்கிறேன். ஆனால் டோக்கன் காட்டாமல் தர முடியாது. இங்கே யாருக்கும் சலுகை இல்லை.

என் தவணை முடிந்தது. உன் முடிவை எழுது.

தென்றல்


ஓசூர்
15.12.2025

என் அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. உள்ளங்காலில் நாலு கொப்புளம், ஆறிவிட்டது. ரேவதி மருந்து போட்டுக்கொண்டே திட்டினாள். அவளிடம்கூடச் சொல்லாமல்தான் புறப்பட்டு வந்தேன்.

உன்னை வேவு பார்க்கத்தான் வந்தேன், மறைக்கவில்லை. ஏதாவது ஒரு குறை கண்ணில் பட்டுவிடும், அதைச் சொல்லி விற்றுவிடலாம் என்ற எண்ணம் அப்போதும் மிச்சமிருந்தது. வாசலில் அந்தப் பெண், “வாங்க அண்ணா, உங்க பேரு?” என்றாள். சொந்த வீட்டு வாசலில் சொந்தப் பெயரைச் சொல்ல நாக்கு எழவில்லை. அப்பாவின் பெயர்தான் வந்தது.

மத்தியானம் நடக்கத் தொடங்கி, சாயந்திரம் ஆறு மணி நெருங்கும்போது திரும்பி வந்தேன். கேட் திறந்திருந்தது. டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நீ ஒரு கிழவியின் கையைப் பிடித்து அந்தப் படியில் ஏற்றிக்கொண்டிருந்தாய். ஏழாவது படியில் நின்றாய். கீழே செருப்பும் இல்லை, இருட்டும் இல்லை. கூட்டமெல்லாம் மலையைப் பார்த்துக் கும்பிட்டபோது நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. வெறுங்காலோடு போய் பஸ் ஏறிவிட்டேன்.

போன வருஷ தீபத்தன்று நான் வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். வரவில்லை. வர முடியாது என்று ஒரு போன்கூடச் செய்யவில்லை. என் பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்க்கத்தான் அம்மா மாடிக்கு ஏறியிருக்கிறார். அன்று வாசலில் இருந்த மாமா ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். உனக்கு முதலிலிருந்தே தெரியும் என்றும் அவர்தான் சொன்னார். ஆஸ்பத்திரியில் சொல்லவில்லை, காரியத்தன்று நான் உன்னிடம் கத்தியபோதும் சொல்லவில்லை. இந்த ஆறு மாதக் கடிதங்களில் ஒரு வரிகூட எழுதவில்லை. அந்த ஒன்றை என் முகத்துக்கு நேரே நீ சொல்லியிருந்தால் வீட்டைப் பற்றி நான் வாயே திறந்திருக்க மாட்டேன். வீடு போனாலும் போகட்டும், அண்ணன் மனசு உடையக் கூடாது என்று இருந்துவிட்டாய். நான் குற்றம் சாட்டியதெல்லாம் முன்பின் தெரியாத ஊரார் செருப்பை. அவர்களுக்குப் பலகை போட்டு மரியாதை செய்தாயே, அதையும்விட எனக்கு நீ செய்தது பெரிது. நீ என்னைவிட ஆறு வயசு சின்னவள். உன்னைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

வீடு விற்பனைக்கு இல்லை. அளக்க வந்தவர்களிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன்.

டோக்கனை இந்தக் கடிதத்தோடு வைத்து அனுப்பலாமா என்று பார்த்தேன். வேண்டாம், என்னிடமே இருக்கட்டும். செருப்பு செங்கம் வழிப் பலகையிலேயே இருக்கட்டும். தை பிறப்பதற்கு முன்னால் வருகிற பௌர்ணமிக்கு நானும் ரேவதியும் வருகிறோம். நான் வரிசையிலேயே நிற்கிறேன்.

அந்தப் பெண்ணிடம் சொல்லி வை. இந்த முறை கேட்டால் என் பெயரைச் சொல்வேன்.

மாறன்